பதினொரு பிள்ளைகளும் தண்ணீர் வற்றும் நேரமும்

கடலூர்ப் பயிற்சியில், அங்கன்வாடி மேற்பார்வையாளர் வேலைக்குப் புதிதாக வந்த உங்களிடம் பேச எனக்குக் கொடுத்த தலைப்பு 'பதிவேடுகளைப் பராமரிப்பது எப்படி'. அரை மணி நேரம் பேசினேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டீர்கள். கோபமில்லை, உங்கள் வயதில் நானாக இருந்தால் தூங்கியே இருப்பேன். முடிந்து வெளியே வந்தபோது உங்களில் ஒரு பெண் டீக் கிளாசோடு பக்கத்தில் வந்து, "மேடம், நீங்க குடுத்த மெமோவுலயே தப்பான மெமோ எது?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். சிதம்பரம் வந்து சேரும்வரை அந்தக் கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே வந்தது. பதிலை எழுதி அனுப்புகிறேன். கேட்டவள் பெயரை விசாரிக்க மறந்துவிட்டதால் எல்லாரும் படியுங்கள்.

2006ஆம் வருடம். பரங்கிப்பேட்டைப் பக்கத்து அங்கன்வாடி மையங்கள் இருபத்தி மூன்றுக்கு நான் மேற்பார்வையாளர். ஊரில் யாரும் அங்கன்வாடி என்று சொல்ல மாட்டார்கள், பால்வாடிதான். மையத்துக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சோறு, முட்டை, சத்துமாவு உருண்டை, மாதம் ஒரு தடவை எடை, நடுவில் நாலு பாட்டு. டீச்சர் செய்வதைச் சரிபார்ப்பது என் வேலை. என்னைச் சரிபார்க்க எனக்கு மேலே நாலு அடுக்கு.

அந்த இருபத்தி மூன்றில் ஒன்று கழிமுகத்தை ஒட்டி இருந்தது. டீச்சர் பெயர் ஸ்டெல்லா, முப்பது வயது இருக்கும். அப்பா கட்டுமரக்காரர், இவள் பன்னிரண்டாவது முடித்தவள். அந்த வீட்டில் அரசாங்க வேலை பார்த்த முதல் ஆள். கணவனுக்கு முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்ததால் அவள் சம்பளத்தில்தான் நாலு பேர் சாப்பாடு. மையத்தில் இருபத்தோரு பிள்ளைகள். பத்துப் பேர் மேலத்தெருவிலிருந்து வருகிற விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பதினொரு பேர் கரையோரம் குடிசை போட்டிருந்த இருளர் குடும்பத்துப் பிள்ளைகள். இந்தத் திட்டமே யாருக்காக வந்தது என்று கேட்டால், அந்தப் பதினொரு பேருக்காகத்தான் என்று சொல்வேன்.

மாதக் கடைசியில் சிதம்பரம் அலுவலகத்தில் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் வருகைப் பதிவேட்டில் கை நின்றது. மேலத்தெருப் பிள்ளைகளின் வரிசை வழக்கம் போலக் கன்னாபின்னாவென்று இருந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தன் மாமா வீட்டுக் கல்யாணம். ஆனால் அந்தப் பதினொரு பேர் ஏழெட்டு நாள் சேர்ந்தாற்போல வருகிறார்கள். அப்புறம் ஏழு நாள் மொத்தமாகக் காணோம். அப்புறம் மறுபடி வருகிறார்கள். முந்தின மாதத்தையும் எடுத்துப் பார்த்தேன், அதே கோலம்.

பிள்ளைகளை வைத்து வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்று வயதுப் பிள்ளைகள் பதினொன்று சேர்ந்து எதையும் செய்யாது, அழுவதைத் தவிர. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மா ஒருவர் சொல்லுவார்: "உண்மையான பதிவேடு அசிங்கமாத்தான் இருக்கும். அழகா இருந்தா சந்தேகப்படு." அந்த வார்த்தையைப் பல வருடம் தாலி மாதிரி கட்டிக்கொண்டு அலைந்தவள் நான். பொய்க் கணக்கு எழுதிய இரண்டு மூன்று பேரை அதை வைத்தே பிடித்திருக்கிறேன். அந்தக் கர்வமும் இருந்தது.

எழுதினேன் மெமோ. 'குழந்தைகளின் வருகை உண்மைக்குப் புறம்பாகப் பதியப்பட்டுள்ளது போல் தோன்றுகிறது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' நேரில் போய்ப் பார்க்கவில்லை. அந்த மாதம் எனக்கு வேறு வேலைகள் இருந்தன என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், நான் நம்ப மாட்டேன்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா மெமோவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மேடம், வந்தா வந்தாங்கன்னு போட்டிருக்கேன். வரலன்னா வரலன்னு போட்டிருக்கேன். வேற என்னா போடறது?"

"பதினொண்ணும் ஒரே நாள்ல எப்படி நிக்கும், ஒரே நாள்ல எப்படி வரும்?"

"அம்மாங்க எறா புடிக்கப் போறப்ப கூட்டிட்டுப் போயிடுறாங்க."

"அவுங்க தினமும்தான எறா புடிக்கப் போறாங்க?"

"தினமும்தான் போறாங்க. நேரந்தான் மாறும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் மொத்தப் பதிலும் இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "எல்லாத்தையும் எழுத்துல குடு" என்று அனுப்பிவிட்டேன். அவள் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: 'நான் பொய் எழுதவில்லை.' அதைக் கோப்பில் சேர்த்தேன். மெமோவும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது மெமோ விழுந்தால் வேலை போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த முறை பதினொரு பேர் காணாமல் போகும் வாரம் எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ணிவைத்திருந்தேன். அந்த வாரத்தில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். உதவி செய்யப் போனேன் என்று நினைக்காதீர்கள். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

மையம் திறந்திருந்தது. பாயில் மேலத்தெருப் பிள்ளைகள் பத்துப் பேர். பதிவேட்டிலும் பத்துதான். ஸ்டெல்லா என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். "அந்தப் பதினொண்ணும் எங்க?" என்றேன். அவள் ஆயாவைப் பார்த்து, "பாக்கியம் அக்கா, மேடத்த இட்டுக்கினு போயி காட்டு" என்றாள்.

கரையோரக் குடிசைகளில் ஒரு ஈ காக்கை இல்லை. படல்கள் சாத்தியிருந்தன. ஆயா முன்னால் வரப்பில் நடக்க, நான் பின்னால் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். சுரபுன்னைக் காட்டை ஒட்டி ஒரு வளைவு திரும்பினதும் தெரிந்தது.

தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. பெண்கள் ஏழெட்டுப் பேர் இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்ட மாதிரி நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்து, வாயில் கவ்வியிருந்த பறி என்கிற சின்ன ஓலைக் கூடைக்குள் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் சேற்றுத் திட்டு. அதன் மேல் இழுத்துப் போட்ட பழைய தோணி. தோணிக்குள் பிள்ளைகள். எண்ணினேன், பதினொன்று. எல்லாவற்றுக்கும் சின்னது, இரண்டு வயது இருக்கும், அதன் இடுப்பில் புடவைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைச் சுரபுன்னை வேரில் முடிந்திருந்தார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமும் கலந்திருந்தது. ஸ்டெல்லாவின் பதிவேட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அப்போது தண்ணீரிலிருந்த ஒருத்தி பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மாரீ..." என்று நீட்டிக் கூப்பிட்டாள். தோணியிலிருந்து, "இருக்கேன்!" என்று ஒரு குரல். "வேலூ..." "இருக்கேன்!" வரிசையாகப் பதினொரு பெயர், பதினொரு பதில். பேசத் தெரியாத சின்னதுக்காக அதன் அக்கா சொன்னாள். அப்புறம் மறுபடி எல்லாரும் குனிந்து வேலை பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி நிமிர்ந்து அதே பதினொரு பெயரையும் கூப்பிட்டாள். நாம் ஒரு நாளைக்கு ஒரு தடவை வருகை எடுக்கிறோம். அவர்கள் நான் நின்ற நேரத்துக்குள் நாலு தடவை எடுத்துவிட்டார்கள்.

முதலில் கூப்பிட்டவள் பெயர் கன்னியம்மா. கரைக்கு வந்து, பறியைக் கவிழ்த்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பால்வாடி இருக்கறப்ப புள்ளைங்கள ஏம்மா இங்க கொண்டாறீங்க?" என்று கேட்டேன். குரலில் அதிகாரிதான் இருந்திருப்பாள்.

"நாங்க போறப்ப ஒங்க பால்வாடி தூங்குது மேடம்."

"என்னது?"

"இந்த வாரம் தண்ணி காலைல வத்துது. விடியறதுக்கு முன்ன எறங்குனாத்தான் நாலு எறா கெடைக்கும். அஞ்சு மணிக்குக் கெளம்பறோம். ஒங்க கதவு பூட்டிக் கெடக்கும். ஒம்போதரைக்கு டீச்சரு தொறக்கறப்ப நாங்க கழுத்தளவு தண்ணில நிப்போம்."

"அப்ப அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் தண்ணி மதியானத்துல வத்தும். காலைல புள்ளைய டீச்சருகிட்ட வுட்டுட்டு சாவகாசமா போவோம். தினிக்கும் முக்கா மணி நேரம் தள்ளித் தள்ளிப் போவும்ல?"

"வீட்டுல விட்டுட்டு வரக் கூடாதா?"

"கடல் வந்த வருசத்துலேந்து புள்ளைய தனியா வூட்ல வுடுறதில்ல" என்றாள். சுனாமியைச் சொல்கிறாள். அதற்கு மேல் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வேறு கேள்விகள் எனக்கு நிறைய இருந்தன. கடிகாரம் இல்லாமல் நேரம் எப்படித் தெரியும்? சேற்றில் இறால் எங்கே இருக்கிறது என்று கைக்கு எப்படித் தெரியும்? அவள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை என்றதும், "கைய வுட்டுத்தான் பாரேன்" என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கையை விட்டேன். நண்டு கவ்வியது. நான் போட்ட கத்தலில் தண்ணீரில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தோணியில் இருந்த பதினொன்றும் சிரித்தன. அதுவரை என்னை மேடமாகப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு ஒரு ஆளாகப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் சிதம்பரம் அலுவலகத்தில் ஒரு வருடத்துப் பதிவேடுகளைத் தரையில் பரப்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் வற்றும் நேரம் நிலாக் கணக்கில்தானே ஓடும்? அமாவாசை எங்கே, பௌர்ணமி எங்கே, நடுவில் அஷ்டமி எங்கே என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். அஷ்டமியை ஒட்டிய நாட்களில்தான் பதினொரு பேரும் காணாமல் போயிருந்தார்கள், வருடம் முழுக்க, ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா மேடம், பால்வாடி புள்ளைங்களுக்கு ஜாதகம் பாக்குறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். இத்தனை வருட வேலையில் அவ்வளவு சந்தோஷமாகத் தரையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் பழைய அதிகாரியம்மா சொன்னதில் இன்னொரு பாதியும் உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அழகா இருந்தா சந்தேகப்படு. அப்புறம் போயிப் பாரு." முதல் பாதியை மட்டும் நான் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாதிக்குப் பஸ் ஏற வேண்டும், சேற்றில் நடக்க வேண்டும், அதனால் வசதியாக மறந்துவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். கண்டுபிடித்ததுவரை நான் கெட்டிக்காரி. அதற்குப் பிறகு செய்ததுதான் விஷயம்.

மறுநாளே ஸ்டெல்லாவிடம் போனேன். "தண்ணி காலைல வத்துற நாள்ல நீ அஞ்சு மணிக்குத் தொறந்துடு. அவுங்க வுட்டுட்டுப் போவட்டும். சோறு, முட்டை எல்லாம் காலையிலேயே செஞ்சு குடுத்துடு. அவுங்க திரும்பி வந்து கூட்டிக்கிட்டுப் போவட்டும்" என்றேன். அவளும் ஆயாவும் அதே ஊர்தான், ஐந்து மணிக்குத் திறப்பது நடக்கக்கூடியதுதான்.

ஸ்டெல்லா யோசித்தாள். "நான் தொறக்கறேன் மேடம். நீங்க எழுத்துல குடுங்க."

"எழுத்துல எப்படிம்மா? நேரத்த மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. மேல கேட்டா விதியில எடமில்லம்பாங்க. நீ செய், நான் பாத்துக்கறேன்."

"மெமோ மட்டும் எழுத்துல வருது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எழுதிக் கொடுக்கவில்லை.

எழுத்தில் இல்லாத உத்தரவை நம்பி அவள் மறுவாரம் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தாள். பதினொரு பிள்ளைகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சேர்ந்தன. பாயில் இன்னொரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து சாப்பிட்டன. பத்து பத்தரைக்கு அம்மாக்கள் ஈரப் புடவையோடு வந்து அழைத்துப் போனார்கள். மேலத்தெருப் பிள்ளைகளுக்கு எப்போதும் போல ஒன்பதரையிலிருந்து சாயங்காலம்வரை. மூன்று மாதம் இப்படி ஓடியது. எடை பார்த்தபோது தோணியில் வேரோடு கட்டிக்கிடந்த அந்தச் சின்னது, செல்வி அதன் பெயர், முதல் தடவையாக எடை அட்டையில் ஒரு கோடு மேலே ஏறியிருந்தாள். நான் எழுத்தில் கேட்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நல்லபடியாகத்தானே போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் கடலூரிலிருந்து மாவட்ட அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. எந்த மையத்துக்குப் போகிறோம் என்று சொல்லாமல் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பரங்கிப்பேட்டை தாண்டியதும் ஓட்டுநரிடம் அவர் சொன்ன வழியைக் கேட்டதும் எந்த மையம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது அஷ்டமிக்கு மறுநாள்.

பதினொன்றே கால் மணிக்கு மையத்துக்குள் நுழைந்தோம். பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். அதில் இருபது பேர் வருகை. பாயில் உட்கார்ந்திருந்தது மேலத்தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர், ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தது. முட்டை இருபது எடுத்திருந்தது. பானையில் ஒன்பது பேருக்கான சோறு மட்டும் மிச்சம்.

"பதிவேட்டுல இருபது. இங்க ஒம்போது. மீதிப் பதினொண்ணு எங்கம்மா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். 'மேடம்தான் செய்யச் சொன்னாங்க' என்று மூன்று வார்த்தை சொன்னால் அவளுக்குப் போதும். சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி தன் பையிலிருந்து ஸ்டெல்லாவின் கோப்பை எடுத்துப் புரட்டினார். "ஏற்கெனவே இதே விஷயத்துக்கு மெமோ வாங்கியிருக்கு. இதே பதினொரு புள்ளைங்க. அப்ப திருந்தல, இல்ல?"

அந்த மெமோவின் அடியில் என் கையெழுத்து. பிள்ளைகளே, நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் போயிருந்தது. வாய்மொழியாக நேரத்தை மாற்றினேன் என்று ஒத்துக்கொண்டால் அது போய்விடும். வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று மனம் எலி மாதிரி ஓடியது. ஸ்டெல்லா வேலையிழந்தால் அவள் வீட்டு அடுப்பு அணையும், ஐந்து மணிக் கதவும் மூடிக்கொள்ளும், செல்வி திரும்ப வேருக்குப் போவாள். அவ்வளவும் தெரிந்துதான் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவர்ப்பக்கம் ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

"சார்" என்றேன் கடைசியில். "அந்த மெமோவே தப்பு. நேர்ல போயிப் பாக்காம நான் எழுதினது. இப்ப இந்தப் புள்ளைங்க காலையில அஞ்சு மணிக்கே வந்துட்டுப் போயிட்டாங்க. அப்படி வரச் சொன்னதும் நான்தான். டீச்சர் எழுத்துல கேட்டாங்க. நான் குடுக்கல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அஞ்சு மணிக்கா? எதுக்கு?"

"சொன்னா நம்ப மாட்டீங்க சார். ஒரு கால் மணி நேரம் நடக்க முடியுமா?"

பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார். குடிசைகளுக்கு முன்னால் பெண்கள் இறால் தரம்பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை ஒன்றிரண்டு தவிரக் காணோம். அதிகாரி அந்தக் காலி இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கன்னியம்மாவிடம் போய், "எல்லாப் புள்ளைங்களையும் ஒரு தடவ கூப்புடும்மா" என்றேன்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. எழுந்து நின்று, "மாரீ..." என்றாள்.

"இருக்கேன்!" குடிசைக்குப் பின்னாலிருந்து வந்தது. "வேலூ..." "இருக்கேன்!" பூவரச மரத்தின் மேலிருந்து. ஒன்று தோணிக்கு அடியிலிருந்து, ஒன்று யார் முதுகிலிருந்தோ. அதிகாரி பதிவேட்டைத் திறந்து, கூப்பிடும் பெயர்கள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பதினொன்றும் சரியாக இருந்தன. குரலைத் தொடர்ந்து பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வந்து எங்களைச் சுற்றி நின்றன.

பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது சரி, இன்றைக்கு மையத்துக்கு வந்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி என்று அவர் கேட்கத்தான் செய்வார் என்று நினைத்தேன். என்னிடம் கேட்கவில்லை. குனிந்து மாரியிடம் கேட்டார். அவளுக்கு நாலு வயது.

"இன்னிக்கு என்னா சாப்ட்ட?"

"சோறு. முட்ட."

"எங்க?"

"டீச்சரு வூட்ல." அவளுக்குப் பால்வாடிதான் டீச்சர் வீடு.

"எப்பப் போன?"

மாரிக்கு மணி தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருட்டா இருந்திச்சி. டீச்சரு லைட்டு போட்டு வச்சிருந்தாங்க" என்றாள்.

அதிகாரி பதிவேட்டை மூடினார். திரும்பி வரும்போது வரப்பில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இத ஏன் எழுத்துல கேக்கல?"

"கேட்டா, முடியாதுன்னும் எழுத்துல வந்துடும்னு பயம் சார்."

"இப்ப கேளுங்க" என்றார். "தண்ணி விஷயத்த எனக்குப் புரியற மாதிரி காலண்டரோட எழுதுங்க."

எழுதினேன். அந்த ஒரு மையத்துக்கு மட்டும், சோதனை முறையில், தண்ணீர் வற்றும் நேரத்தை அனுசரித்துத் திறக்கலாம் என்று மூன்று மாதத்துக்கு அனுமதி வந்தது. பிறகு நீட்டினார்கள். அதே உறையில் எனக்கு ஒரு மெமோவும் வந்தது, அனுமதியின்றி வாய்மொழி உத்தரவு கொடுத்ததற்காக. நியாயமான மெமோ. பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது, நான் ஓய்வு பெற்றது 2012இல், அதற்குள் கிடைத்துவிட்டது, செத்துப்போகவில்லை. புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த வேலையில் நாம் பயப்படுகிற தண்டனைகள் பெரும்பாலும் அந்த அளவுதான். நம் கையெழுத்தால் இன்னொருத்திக்கு வருகிற தண்டனை அந்த அளவில் நிற்பதில்லை. ஆகவே, செய்யச் சொல்வதை எழுத்தில் சொல்லுங்கள். சந்தேகப்படுவதை நேரில் போய்ப் பார்த்த பிறகு எழுதுங்கள். இதைப் போய்த் தலைகீழாகச் செய்தவள் நான்.

ஸ்டெல்லாவுக்குக் கொடுத்த மெமோவைக் கோப்பிலிருந்து கிழித்தெறிய விதியில் இடமில்லை. ரத்து செய்கிறேன் என்று இன்னொரு தாள் எழுதி மேலே வைக்கத்தான் முடியும். அந்தத் தாளின் நகலைத் தபாலில் அனுப்பாமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். அது மதியம் தண்ணீர் வற்றும் வாரம். இருபத்தோரு பிள்ளைகளும் பாயில் இருந்தார்கள். ஸ்டெல்லா வாங்கி நிதானமாகப் படித்தாள், மடித்தாள், நன்றி என்று சொல்லவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அன்னிக்கி அந்த சார் கேட்டப்ப எவ்ளோ நேரம் பேசாம நின்னீங்க, தெரியுமா?"

தெரியவில்லை என்று தலையாட்டினேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "பயத்துல என்னா பண்றதுன்னு தெரியாம, கன்னியம்மா கூப்புடுற மாதிரியே மனசுக்குள்ள பேரச் சொல்ல ஆரம்பிச்சேன். மாரி, வேலு, செல்வின்னு பதினொண்ணும் சொல்லி முடிச்சேன். நீங்க அப்பவும் பேசல. பன்னெண்டாவதா ஒங்க பேரச் சொன்னேன். அப்பத்தான் சார்னு வாயத் தொறந்தீங்க."